நமுத்துப் போன கழுத்து

ஓரிக்கை ஜோதிகா செய்கிற கேக்கைத் தின்றவன் எவனும் குறை சொன்னதில்லை. மெத்தென்று இருக்கும், இனிப்பு திகட்டாது. பார்த்தவர்கள்தான் குறை சொல்வார்கள். அவள் என்ன உருவம் செய்தாலும் அது வேறு ஏதோ ஒன்றாகத் தெரிந்து தொலைக்கும்.

போன தை மாதம் ஒரு பையனின் பிறந்த நாளுக்குச் சிங்கம் செய்தாள். பிடரி மயிரை இழை இழையாக கிரீமில் இழுத்து, முதுகு ஒடிய மூன்று மணி நேரம் நின்று செய்த சிங்கம். பெட்டியைத் திறந்ததும் பையனின் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்த ஊரு சாமியாரும்மா இது?" என்று கேட்டாள். அடுத்தது ரயில். நீளமாக, கறுப்பாக, ஓரம் பூராவும் வெள்ளை பார்டர் கட்டி, ஒரு குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குக் கொண்டுபோய் வைத்தாள். சபைப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணை மூடி, "எங்களை விட்டுப் பிரிந்த இந்த ஆத்துமாவை..." என்று ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஐயா, அது சவப்பெட்டியில்லை, கூட்ஸ் வண்டி என்று அவர் காதில் போடுவதற்குள் பாதி அடக்கம் முடிந்துவிட்டது. கால்பந்து செய்தபோது, "கோஸு ஒடம்புக்கு நல்லதுதான்" என்று பாராட்டினார்கள்.

வேறு யாராவதாக இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். ஜோதிகாவுக்கு ரோஷம் ஜாஸ்தி. அந்த ரோஷத்துக்கு ஒரு காரணமும் இருந்தது.

டிப்ளமோ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்தவள் அவள். ஏழு வருஷம். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து மெயின் ரோட்டில் ஹாரன் அடிக்கும். போனால், பெல்ட்டில் வரிசையாக வருகிற போன்களில் இடது பக்கம் மூன்றாவது ஸ்குரூவை முடுக்க வேண்டும். நாலாவது ஸ்குரூ வேறொருத்தியின் வேலை, அதைத் தொட்டால் சண்டை. ஏழு வருஷத்தில் எத்தனை லட்சம் ஸ்குரூ முடுக்கியிருப்பாளோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். உலகத்தில் யார் யார் பாக்கெட்டிலோ அது கிடக்கிறது. எவனாவது ஒருத்தன் போனைத் திருப்பிப் பார்த்து, ஆகா, இது ஜோதிகா முடுக்கினது என்று சொல்லியிருப்பானா? கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, வேலையை விட்டு, வீட்டிலே கேக் செய்யப் பழகியபோது அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன் கை செய்த ஒன்றைப் பார்த்து, அது என்ன என்று ஒரு மனுஷர் சரியாகச் சொல்ல வேண்டும். இது ஒரு பெரிய ஆசையா? ஊரில் அத்தனை பேரும் சேர்ந்து அதற்கு மட்டும் வஞ்சகம் பண்ணினார்கள்.

வீட்டுக்குள்ளேயே ஒரு வஞ்சகன் இருந்தான். புருஷன் ஜான்சன். குட்டியானை என்று ஊரில் சொல்கிற சின்ன லோடு வண்டியை ஓட்டுகிறவன். நல்லவன்தான், வாய் மட்டும் கர்த்தர் தனியாக ஆர்டர் கொடுத்துச் செய்தது. ஒவ்வொரு கேக் முடிந்ததும், "யோவ், இது இன்னான்னு சொல்லு" என்று அவள் கேட்பாள். அவன் ஒரு பக்கம் சாய்ந்து பார்ப்பான், குனிந்து பார்ப்பான், பிறகு, "ஒரே ஒரு க்ளூ குடு ஜோதி" என்பான். அன்றைக்கு ராத்திரி அவனுக்கு ரசம் மட்டும்தான்.

இந்த நேரத்தில் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை வந்தால் அதே லைனில் அதே இடம் என்றார்கள். அதே ஸ்குரூவா என்று அவள் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்த நாள் கேக் ஒப்புக்கொண்டிருந்தாள். ஜான்சனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

"இதான் கடைசிய்யா. அந்தக் கொழந்த பார்த்துட்டு கரெக்டா பேர சொல்லணும். சொல்லலன்னா திங்கக்கெழமை நான் கம்பெனி பஸ்ஸு ஏறிடறேன். அப்பால கேக்கு பக்கமே வர மாட்டேன்."

"அது இன்னா உருவம், மொதல்ல அத்த சொல்லு."

"டைனோசர்."

"அட, அது ஈஸிம்மா. உயிரோட பார்த்தவன் எவன் இருக்கான்? இன்னா செஞ்சாலும் டைனோசர்தான்."

ஆர்டர் கொடுத்தது சின்ன காஞ்சிபுரத்து ஜீவிதா. நாலு தறி ஓடுகிற வீட்டு மருமகள். அவள் மகள் வரதஸ்ரீக்கு ஆறு வயது முடிகிறது. அத்திவரதரைப் பார்க்க ஊர் ஊராக ஜனம் வந்து தெருவெல்லாம் அடைத்துக்கொண்ட அந்த ஆடியில், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் ஆட்டோவிலேயே பிறக்கப் பார்த்தவள். அதனால்தான் அந்தப் பெயர். மற்றப் பெண் பிள்ளைகளெல்லாம் இளவரசி, தேவதை என்று பினாத்திக்கொண்டிருக்கும்போது இவளுக்கு டைனோசர் பைத்தியம். சோறு ஊட்டினால் எலும்பு கேட்பாள், சைவ வீட்டில்!

"அவளுக்குத் தெரியக் கூடாது, சர்ப்ரைஸு," என்றாள் ஜீவிதா போனில். "கழுத்து நீட்டுக்கா இருக்குமே, அந்த டைனோசர். முட்ட போடக் கூடாது. அப்பறம் கலரு, பச்சல போட்டுடாதீங்க. நல்ல நாளும் அதுவுமா மங்களகரமா மஞ்சள்ல போடுங்க. அப்படியே ஜரிகை மாரி மின்னணும்."

"டைனோசர் மின்னாதுக்கா."

"எங்க வூட்டு விசேஷத்துல எதும்மா மின்னாம இருக்குது? போடுங்க."

வாடிக்கையாளர் சொன்னால் தெய்வம் சொன்ன மாதிரி. ஜோதிகா மஞ்சளுக்கும் தங்கப் பொடிக்கும் தலையாட்டினாள். அங்கேயே வினை ஆரம்பித்தது என்று அப்போது யார் கண்டார்கள்?

சனிக்கிழமையே கேக்கைச் சுட்டு ஃப்ரிட்ஜில் இறுக வைத்துவிட்டாள். ஞாயிறு காலை கோயில் ஆராதனையைக் கூடத் தள்ளிவிட்டு, செல்போனில் வாயில் நுழையாத பெயர் போட்ட நீளக் கழுத்து டைனோசர் படங்களை வரிசையாகத் திறந்து சுவரில் சாய்த்து வைத்து, ரம்பப் பல் கத்தியைக் கையில் எடுத்தாள். நாலு அடுக்கு கேக். அதிலிருந்து டைனோசர் இல்லாததையெல்லாம் சீவி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்க சுலபம். ஒரு சீவல் அதிகமாகப் போனால் டைனோசர் ஆடாகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முதுகை வளைத்தாள், வயிற்றைத் திரட்டினாள், படத்தைப் பார்த்துப் பார்த்து நாலு காலையும் செதுக்கினாள். ஜான்சனும் மகளும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விழுகிற சீவலையெல்லாம் பொறுக்கித் தின்றார்கள்.

"வயித்தாண்ட இன்னும் கொஞ்சம் வெட்டலாம் ஜோதி," என்றான் ஜான்சன் வாயைத் துடைத்துக்கொண்டு. "எனக்கின்னாவோ குண்டா தெரியுது."

"உனக்கு இன்னும் ரெண்டு வாய் வேணும்னு சொல்லு. கலைக்கு இன்னாத்துக்கு வர்ற?"

கழுத்துதான் பெரிய பாடு. கேக்கில் கழுத்து செய்தால் கனம் தாங்காது. வீடியோவில் வெளிநாட்டுக்காரி ஒருத்தி ஏதோ பாக்கெட் பொரியைப் பாகில் பிசைந்து கழுத்தாக உருட்டி வைத்தாள், அது இரும்பு மாதிரி நின்றது. ஜோதிகாவுக்கு உடனே ஊர்ப் பெருமை வந்துவிட்டது. நம்ம பொரிக்கு இன்னா கொறைச்சல்? ரெண்டு படி பொரி வாங்கி, வெல்லப் பாகு காய்ச்சி, கார்த்திகைக்கு உருண்டை பிடிக்கிற மாதிரியே பிடித்து, உருண்டைக்குப் பதிலாக ஒரு முழ நீளத்துக்குக் கழுத்தாக உருட்டினாள். நடுவில் ஒரு குச்சி. மேலே மஞ்சள் சர்க்கரை மாவைச் சப்பாத்தி போல் திரட்டிப் போர்த்தி, தங்கப் பொடியைத் தூரிகையால் தடவினாள். கழுத்து கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. தலை, கண், சின்னதாக ஒரு சிரிப்பு. அவளுக்கே கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அழகாக அவள் இதுவரை ஒன்றும் செய்ததில்லை.

"யோவ், இது இன்னா?"

"டைனோசர்!" என்றான் ஜான்சன் பட்டென்று.

அவள் அரை நிமிஷம் பூரித்துப் போனாள். பிறகுதான் உறைத்தது. "நீதான் முன்னாடியே கேட்டுக்கினியே. உன்னுது கணக்குல வராது, போ."

மத்தியானத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டு புழுங்கித் தள்ளியது. ஆடி மாதப் புழுக்கத்தில் பொரியை வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று காஞ்சிபுரத்தில் நாலு வயசுக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஜோதிகாவுக்கும் தெரியும். ஆனால் பொரியைப் பொரியாக நினைத்திருந்தால்தானே அது நினைப்புக்கு வரும்? அவள் அதைக் கழுத்தாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

நாலு மணிக்கு டைனோசர் குட்டியானையில் ஏறியது. முன் சீட்டில் ஜோதிகா, மடியில் பெட்டி. ஜான்சன் பிணம் ஏற்றிய வண்டி மாதிரி நிதானமாகத்தான் ஓட்டினான், அந்த மட்டும் அவனைக் குற்றம் சொல்லக் கூடாது. சின்ன காஞ்சிபுரம் வந்து, திரும்புகிற இடத்தில், வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை. வண்டி ஒரு எம்பு எம்பியது. பெட்டிக்குள் தொப்பென்று ஒரு சத்தம்.

"இன்னாது அது?" என்றான் ஜான்சன்.

ஜோதிகா மூடியைத் திறந்தாள். பொரி நமுத்து, பாகு இளகி, கழுத்து அடியோடு மடங்கிப் பெட்டிக்குள் கிடந்தது. தலை மட்டும் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, நமுத்த கழுத்தைப் பிய்த்து ஒரு டப்பாவில் போட்டாள். தலையை நேராகத் தோளோடு வைத்து ஒட்டி, பைக்குள்ளிருந்த மஞ்சள் மாவால் இடைவெளியை மூடி, மிச்சமிருந்த தங்கப் பொடியைத் தட்டினாள். வேறு வழியில்லை. அங்கே பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

ஜான்சன் எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஜோதி, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லாத."

"இல்ல, அது அப்படியே அச்சு அசல்..."

"சொன்னேன்னா உன்ன இங்கயே எறக்கி வுட்டுட்டு நானே வண்டிய ஓட்டிக்கினு போயிடுவேன்."

அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் மூடிக்கொண்டது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டுக் கூடத்தில் தறிகளை நிறுத்திப் பட்டுத்துணி போர்த்தி, பலூன் கட்டி, நாற்பது பேர் நின்றிருந்தார்கள். எந்த ஊரும்மா, எந்தத் தெரு என்று மூன்றாவது ஆள் கேட்டபோது, "ஓரிக்கை, கேக்கு தெரு" என்று சொல்லிவிட்டு ஜோதிகா நேராக மேஜைக்குப் போனாள். பெட்டியை வைத்து, நாலு பக்கமும் பிரித்தாள்.

ஜீவிதா ஒரு தடவை கேக்கைப் பார்த்தாள், ஒரு தடவை ஜோதிகாவைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சிட்டிபாபு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"பெருமாளே! தங்கப் பல்லி!"

போய், ரெண்டு கையாலும் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெற்றியில் தங்கப் பொடி மினுமினுத்தது. அவ்வளவுதான், கூடம் பூராவும் எழுந்தது. வரதராஜப் பெருமாள் கோயிலில் பல்லி விழுந்த தோஷம் தீர விட்டத்துத் தங்கப் பல்லியைத் தொடக் காசும் கொடுத்து, ஏணியும் ஏறி, பின்னாலிருக்கிறவனிடம் திட்டும் வாங்க வேண்டும். இங்கே மேஜை உயரத்தில் இருக்கிறது. வரிசை தானாக நின்றது. போன வாரம் இடது தோளில் பல்லி விழுந்த ஒரு அம்மாள், "எனக்கு அர்ஜெண்டு, கொஞ்சம் வழி வுடுங்கப்பா" என்று இடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"இன்னா தத்ரூபமா இருக்குது பாருய்யா!"

"உயிரு மட்டும்தான் இல்ல."

"யாரும்மா செஞ்சது? உன் நம்பர குடு. ஐப்பசில எங்க புது வூடு, இதே மாரி ஒண்ணு செஞ்சு குடுக்கணும்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவள் செய்ததைப் பார்த்து நாற்பது பேர் ஒரே பெயரை ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன பெயர்தான் தப்பு. இருந்தும் அவளுக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள், திட்டிக்கொண்டே ரெண்டு பேருக்கு நம்பர் கொடுத்தாள்.

ஜீவிதா ரிப்பன் கட்டிய கத்தியோடு வந்தாள். சிட்டிபாபு குறுக்கே கையை நீட்டினார்.

"கத்தியா? பல்லி மேலயா? பெருமாள் கோயில் நெழல்ல குடியிருந்துக்கினு?"

"மாமா, இது கேக்கு."

"கேக்காவே இருக்கட்டும்மா. ரூபம் பல்லி. பல்லிய கொன்ன பாவம் ஏழு தலமொறைக்கு நிக்கும். வேற கேக்கு வாங்கியாரச் சொல்லு. இத்த பூஜை ரூம்புல வையி."

"எறும்பு வந்துடும் மாமா."

"எறும்பு திங்கட்டும். அதுக்கு ஏது தோஷம்?"

தோளில் பல்லி விழுந்த அம்மாள் ஒரு யோசனை சொன்னாள். பல்லி வால் தானாகவே அறுந்து விழுகிற சமாச்சாரம்தானே, வாலை மட்டும் வெட்டலாம் என்றாள். நாற்பது பேருக்கு ஒரு வாலா என்று ஒருவர் கேட்டார். வாலை வெட்டுவது வேறு, அறுந்து விழுவது வேறு என்று இன்னொருவர் சட்டம் பேசினார்.

இத்தனைக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள் வரதஸ்ரீ. மினுமினுக்கிற பாவாடை, தலையில் காகிதக் கிரீடம். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் உதடு முதலில் ஒரு பக்கம் கோணியது, பிறகு மறுபக்கம் கோணியது.

"எனுக்குப் பொறந்த நாளே வேணாம்," என்று ஒரே அலறலாக அலறினாள்.

ஜான்சன் ஜோதிகாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "வா, நைஸா கழண்டுக்கலாம். பல்லின்னே இருந்துட்டுப் போவட்டும். ஆர்டர் வந்துக்கினு இருக்குது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வாயைத் திறக்காமல் போனால் ஊர் பூராவும் தங்கப் பல்லி ஜோதிகா என்று பெயர் பரவும், வருஷம் பூராவும் வேலை இருக்கும். ஆனால் அந்தக் குழந்தை அழுவதை அவளால் தாங்க முடியவில்லை. தன் மகள் வயதுதான் அதற்கும். பல்லியென்று நினைத்துக்கொண்டு எத்தனை பேர் பாராட்டினால் என்ன, சாமியார் என்று கும்பிட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"ஐயா," என்றாள் ஜோதிகா. "அது பல்லி இல்லீங்க. டைனோசர்."

"டைனோசரா? கழுத்து எங்க?"

"வழியில மடங்கிப் போச்சுங்க. பொரில செஞ்சேன், நமுத்துடுச்சு. தப்பு என்னுதுதான்."

கூடம் ஒரு நிமிஷம் அவளை முறைத்தது. "அப்போ என் தோளு?" என்றாள் பல்லி விழுந்த அம்மாள். சிட்டிபாபு நெற்றியைத் தடவிக்கொண்டார். நாற்பது பேருக்கு முன்னால் டைனோசரைக் கும்பிட்டோம் என்று எந்தப் பெரிய மனுஷன் ஒத்துக்கொள்வான்?

"கொழந்த அழுவுதேன்னு அந்தப் பொண்ணு சும்மா சொல்லுது. நல்ல மனசு," என்று தீர்ப்பு சொன்னார். "எனக்குத் தெரியாதா? இது பல்லிதான்."

உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளில்லை! ஜோதிகாவுக்குத் திங்கட்கிழமை விடியலில் ஹாரன் அடிக்கிற பஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

டைனோசர் என்ற சொல் காதில் விழுந்ததுமே வரதஸ்ரீயின் அழுகை பாதியில் நின்றிருந்தது. நாற்காலியிலிருந்து இறங்கினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேஜையோடு மேஜையாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கமும் பார்த்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"தாத்தா, பல்லிக்கு நாலு காலும் ஒரே சைஸு. இதுக்கு முன்னாங்காலு பெருசு, பின்னாங்காலு சின்னது. உனக்குத் தெரியல?"

"அதனால இன்னாடா கண்ணு?"

"இது பிராக்கியோசாரஸு."

ஜோதிகாவுக்கு ஒரு கணம் காது அடைத்தது. அந்தப் பெயரை அவள் இந்த வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அவளுக்கே அது ஒழுங்காக வாயில் வராது. கழுத்து போய், தலை தோளில் குந்தி, தங்கப் பொடி பூசி, நாற்பது பேர் கும்பிட்ட பிறகும், காலைப் பார்த்தே ஒரு ஜீவன் கண்டுபிடித்துவிட்டது. அவள் வெட்கப்படாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் இப்படி அழுகை வரும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்தப் பேர நான் சொன்னேன்னா என் பல்லு செட்டு கழண்டு வுழுந்துடும்," என்றார் சிட்டிபாபு. இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ சொன்னா சரிதான். வெட்டுடா கண்ணு."

வரதஸ்ரீ முதுகில் கத்தியை இறக்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள், நம்பர் வாங்கின ரெண்டு பேரைத் தவிர. தோள் அம்மாள் ரெண்டு துண்டு வாங்கித் தின்றாள். ஜான்சன் தன் பங்கோடு மகள் பங்கையும் கேட்டு வாங்கி, அதையும் அங்கேயே தின்றுகொண்டிருந்தான்.

குழந்தை வாய் நிறைய கிரீமோடு ஜோதிகாவிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, அடுத்த பொறந்த நாளுக்கு ஸ்டெகோசாரஸு வேணும். அதுக்குக் கழுத்து சின்னதுதான், வுழாது. செய்வீங்களா?"

"செய்வேன்டி தங்கம்."

"நெஜம்மா? வேற வேலைக்கு எங்கியும் போயிட மாட்டீங்களே?"

"எங்கியும் போவ மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது ஜோதிகாவுக்கே விளங்கியது. பக்கத்தில் ஜான்சன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்போ நாளிக்குக் கம்பெனி பஸ்ஸு?"

"உனக்கு வேணும்னா நீ ஏறிப் போய்யா," என்றாள் ஜோதிகா.